இனிப்புக் குளிசையும் சூப் கட்டியும்: களுவாஞ்சிக்குடி வாசகிக்கு ஒரு பதில்

கேள்வி:

எனது கணவருக்கு 46 வயது. எட்டு மாதத்துக்கு முன் சீனி வருத்தம் என்று சொன்னார்கள். பிறஷரும் இருக்கிறது. மெற்ஃபோமின், கிளிக்ளசைட், லோசாட்டன் மூன்றும் குடிக்கிறார். அன்றோடு வீட்டில் சீனியை அடியோடு நிறுத்திவிட்டேன். எல்லோருக்கும் இனிப்புக் குளிசைதான், ஏழு வயது மகளுக்கும் அதுதான். பிஸ்கற்றும் பானமும் சீனி இல்லாததாகவே வாங்குகிறேன். கித்துள் கருப்பட்டி ஒன்றும் செய்யாது என்று சொன்னதால் அதுவும் வீட்டில் இருக்கிறது. வாய்க்கு ருசி இல்லை என்று அவர் சோற்றைத் தள்ளிவிடுவார், அதற்காகக் கறிக்குச் சூப் கட்டி போடப் பழகிவிட்டேன். “அதில அஜினமோட்டோ இருக்கு புள்ள, அது நஞ்சு” என்று மாமி தினமும் சண்டை. கடைச் செலவு முன்பைவிட இரண்டு மடங்காகிவிட்டது. இவ்வளவு செய்தும் போன மாதம் எடுத்த இரத்தப் பரிசோதனையில் சீனி குறையவில்லை. அவர் ஆசைப்பட்டார் என்று குளிசை போட்டுச் சவ்வரிசிப் பாயாசம் காய்ச்சினேன். பன்னிரண்டு குளிசை போட்டும் இனிக்கவில்லை. குளிசையால் புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் வேறு வருகிறது. நான் எதை வாங்க, எதை விட?

பதில்:

அன்பின் சகோதரி,

மற்றதெல்லாம் பிறகு. இன்று பொழுதுபடுவதற்குள் கடைக்கு ஆள் அனுப்பிக் கால் கிலோ வெள்ளைச் சீனி வாங்கி, ஒரு போத்தலில் போட்டு, வீட்டில் எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் வையுங்கள்.

கணவர் குடிக்கும் கிளிக்ளசைட், உடம்பிலிருந்து இன்சுலினைச் சுரக்கவைக்கிற மருந்து. ஒரு நேரச் சாப்பாடு தவறினால், அல்லது வெயிலில் வழமைக்கு மேல் வேலை செய்தால், இரத்தத்தில் சீனி அளவுக்குமீறி இறங்கலாம். கை நடுங்கும், குளிர வியர்க்கும், பேச்சுக் குழறும், காரணமில்லாமல் கோபம் வரும். ஒரு முறை கிளினிக் வாசலில் ஒரு மனிதரைப் பார்த்தேன். சேட்டு முழுக்க நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. காலையில் பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்க வேண்டும் என்று சாப்பிடாமல் வந்தவர், குளிசையை மட்டும் போட்டுவிட்டார். மனைவி பக்கத்தில் நின்று பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றி, பையிலிருந்த இனிப்புக் குளிசை இரண்டைப் போட்டுப் பதறிப் பதறிக் கலக்கிக்கொண்டிருந்தா. அந்தத் தேத்தண்ணி வாய்க்கு இனித்திருக்கும். இரத்தத்துக்கு அதில் ஒன்றுமே இல்லை. தாதி ஓடிவந்து உண்மையான சீனியைக் கரைத்துக் கொடுத்த பிறகுதான் அவர் எங்களை அடையாளம் கண்டார்.

அப்படி வந்தால் மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. தெளிந்ததும் இரண்டு துண்டு பாண் அல்லது கொஞ்சம் சோறு சாப்பிட வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. உடனே 1990-க்கு எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். சீனி வருத்தக்காரர் வீட்டில் சீனியே இருக்கக்கூடாது என்று நினைத்து நீங்கள் அன்பினால் செய்த காரியம் இது. அதனால்தான் முதலில் சொன்னேன்.

இனி, இவ்வளவு செய்தும் ஏன் குறையவில்லை என்பதற்கு வருவோம்.

உங்கள் கடிதத்தில் குளிசை இருக்கிறது, பிஸ்கற் இருக்கிறது, பானம், கருப்பட்டி, சூப் கட்டி எல்லாம் இருக்கின்றன. சோறு எங்கேயும் இல்லை. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் யாரிடம் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாலும் இதுதான் நடக்கும். வயல் நடுவில் வாழ்கிற எங்களுக்குச் சோறு கணக்கில் வராது, அது எப்போதும் இருக்கிற ஒன்று. கிளினிக்கில் நான் ஒரு தட்டையும் தராசையும் வைத்து, “ராத்திரி சாப்பிடுகிற அளவை நீங்களே போட்டுக் காட்டுங்கள்” என்று கேட்பேன். வயலில் வேலை செய்கிற ஆண்கள் பலர் 400 கிராம் வரை போடுவார்கள். வெந்த சோறு 100 கிராமில் ஏறக்குறைய 28 கிராம் மாச்சத்து. அப்படியென்றால் அந்த ஒரு தட்டில் 110 கிராமுக்கு மேல். வயிற்றில் செரித்து இரத்தத்துக்குப் போகும்போது அது குளுக்கோசுதான். சீனியாக அளந்தால் இருபது தேக்கரண்டிக்கு மேல் வரும். அதற்கு முன்னால் தேத்தண்ணியில் இரண்டு கரண்டியை மிச்சம் பிடித்து என்ன பயன் என்று கேட்கமாட்டேன், பயன் உண்டு. ஆனால் பெரிய ஓட்டையை விட்டுவிட்டுச் சின்ன ஓட்டையை அடைத்திருக்கிறீர்கள்.

சோற்றை நிறுத்தச் சொல்லவில்லை. தட்டில் பாதியைக் கீரையும் மரக்கறியும் பிடிக்கட்டும்: பொன்னாங்காணி வறை, வல்லாரைச் சம்பல், முருங்கையிலை, பீர்க்கு, புடோல், எது மலிவோ அது. கால் பங்கு மீன், முட்டை அல்லது பருப்பு. மீதிக் கால் பங்குதான் சோறு. தவிடு போகாத சிவப்பரிசி கிடைத்தால் நல்லது, ஆனால் சிவப்பரிசி என்பதற்காக இரண்டாம் தரம் போட்டால் வந்த நன்மை போய்விடும். குரக்கன் பிட்டுக்கும் இதே கதைதான். ஒரு எச்சரிக்கை: கிளிக்ளசைட்டின் அளவு பழைய சாப்பாட்டை வைத்துத் தீர்மானிக்கப்பட்டது. சோற்றைக் குறைக்கப் போகிறோம் என்று கிளினிக்கில் டொக்டரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். மருந்தையும் சேர்த்துக் குறைக்க வேண்டி வரலாம்.

குளிசைக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய படத்தில் அஸ்பாட்டேம், ஒரு குளிசையில் 18 மில்லிகிராம் என்று இருக்கிறது. அது சீனியைவிட ஏறக்குறைய 200 மடங்கு இனிப்பு. அதனால்தான் ஒரு துணுக்கு ஒரு தேக்கரண்டிச் சீனியின் வேலையைச் செய்கிறது. ஆனால் கொதியில் அது உடைந்து இனிப்பை இழந்துவிடும். உங்கள் பாயாசம் இனிக்காமல் போனது அதனால்தான், உங்கள் கைப்பக்குவத்தில் குறை இல்லை. தேத்தண்ணியில் போடுவதென்றாலும் கோப்பையில் ஊற்றிய பிறகு போடுங்கள், கேத்தலில் போட வேண்டாம். கொதி தாங்குவது சுக்ரலோஸ், அது சீனியைவிட 600 மடங்கு இனிப்பு. இருந்தாலும் அதை வாங்கிப் பாயாசம் காய்ச்சுங்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. சவ்வரிசியே முழுக்க மாச்சத்து. சீனியை எடுத்துவிட்டாலும் பாயாசம் பாயாசம்தான்.

புற்றுநோய்ப் பயத்தைப் பற்றி. 2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அஸ்பாட்டேமை “புற்றுநோயை உண்டாக்கக்கூடும்” என்ற 2பி வகுப்பில் வைத்தது உண்மை. அந்த வகுப்பின் பொருள் சான்று மட்டுப்பட்டது, முடிவாகவில்லை என்பதுதான். அதே நேரத்தில் உணவுச் சேர்மானங்களை ஆராயும் நிபுணர் குழு, ஒரு நாளைக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 40 மில்லிகிராம் என்ற பழைய எல்லையை மாற்றத் தேவையில்லை என்றது. கணவர் 60 கிலோ என்று வைத்தால் 2400 மில்லிகிராம், அதாவது உங்கள் குளிசையில் 130-க்கு மேல். பத்துக் குளிசைக்குப் பயந்து நித்திரையைக் கெடுக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் முதல் பாதி மட்டும்தான் வந்தது.

அப்படியென்றால் தொடரலாமா? கணவருக்கு, கொஞ்ச காலத்துக்கு, ஆம். ஒரு நாளைக்கு ஐந்து தேத்தண்ணி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரண்டி என்று குடித்தவர் அவர். அது 45 கிராம் சீனி, 180 கலோரி. அதை ஒரே நாளில் விட முடியாதவருக்குக் குளிசை ஓர் ஊன்றுகோல். உங்களுக்கும் மகளுக்கும் வேண்டாம். 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டல், எடையைக் குறைக்கவோ நோய் வராமல் தடுக்கவோ இந்த இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்கிறது. ஏற்கெனவே சீனி வருத்தம் உள்ளவர்களை அந்த வழிகாட்டல் உள்ளடக்கவில்லை, ஆனால் உங்களையும் மகளையும் உள்ளடக்குகிறது. ஏழு வயதில் நாக்கு பாடம் படித்துக்கொண்டிருக்கிறது. எல்லாப் பானமும் இனிக்க வேண்டும் என்று அது படித்துவிட்டால், இனிப்பு சீனியிலிருந்து வந்ததா குளிசையிலிருந்து வந்ததா என்று பிற்காலத்தில் பார்க்காது. மகளுக்குத் தண்ணீர், சீனி குறைத்த பால், பழத்தைப் பழமாகவே கொடுங்கள். ஒரு நாளைக்கு மொத்தம் நாலைந்து தேக்கரண்டிக்கு உள்ளே அவள் சீனி சாப்பிட்டால் நான் குறை சொல்லமாட்டேன்.

அவருக்கும் இனிப்பையே குறைக்கப் பார்க்க வேண்டும், இனிப்புக்கு மாற்றுத் தேடிக்கொண்டே இருக்கக்கூடாது. இரண்டு குளிசை போடுகிறவருக்கு இரண்டு கிழமை ஒன்றரை. பிறகு ஒன்று. பிறகு அரை. நாக்கு மெதுவாகத்தான் மாறும், ஆனால் மாறும். எங்கள் ஆட்கள் பலர் இஞ்சி தட்டிப் போட்ட வெறும் தேத்தண்ணிக்கு இரண்டு மூன்று மாதத்தில் பழகி, பிறகு வெளியில் குடிக்கிற ரின்பால் தேத்தண்ணியை “இதென்ன பாகு” என்று தள்ளிவைப்பதை நான் கண்டிருக்கிறேன். ரின்பாலில் பாதிக்கு மேல் சீனிதான், அவர் வெளியில் எதைக் குடிக்கிறார் என்றும் கேட்டுப் பாருங்கள்.

கித்துள் கருப்பட்டி, பனங்கட்டி, சிவப்புச் சீனி, தேன். இவற்றைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம்: எல்லாம் சீனிதான். நிறமும் மணமும் வேறு. கொஞ்சம் கனிப்பொருள் கூட இருக்கலாம், அது கீரையில் ஒரு பிடிக்குக் காணாது. ஹிங்குரானையில் ஆலையிலிருந்து வரும் சிவப்புச் சீனியும் கப்பலில் வரும் வெள்ளைச் சீனியும் கிராமுக்கு ஒரே நான்கு கலோரி. கித்துள் விலைக்கு வாங்கிய கட்டியில் சாதாரணச் சீனி கலந்திருப்பதும் இந்த நாட்டில் புதிய செய்தி அல்ல. கருப்பட்டி கடித்துத் தேத்தண்ணி குடிப்பது சுகமான பழக்கம், எனக்கும் பிடிக்கும். ஆனால் அதைக் கணவர் “ஒன்றும் செய்யாது” என்று நினைத்துக் கடிப்பதுதான் ஆபத்து.

சீனியில்லாத பிஸ்கற் பக்கற்றைத் திருப்பிப் பாருங்கள். முதல் பெயர் கோதுமைமா. அடுத்தது எண்ணெய். 100 கிராமில் 60, 70 கிராம் மாச்சத்து இருக்கும். பக்கற்றில் சீனிக்குப் பச்சை நிறம் போட்டிருக்கும், அது பொய்யில்லை. 2016-இல் பானங்களுக்கும் 2019-இல் திண்ம உணவுகளுக்கும் வந்த நிறக்குறியீடு சீனி, உப்பு, கொழுப்பு என்று அளக்கிறது, மாவை அளப்பதில்லை. பானத்திலும் அப்படித்தான்: 100 மில்லிலீற்றரில் 2 கிராமுக்குக் குறைந்த சீனி என்றால் பச்சை, 11-க்கு மேல் என்றால் சிவப்பு. பச்சை வட்டம் போட்ட பானம் தேன் போல இனித்தால், பின்பக்கத்தில் 950, 951, 954, 955, 960 என்ற எண்களில் ஒன்றைத் தேடுங்கள். அசெசல்பேம், அஸ்பாட்டேம், சக்கரின், சுக்ரலோஸ், ஸ்டீவியா என்பவை அந்த வரிசை. மகளுக்கு வாங்கும் போத்தலை இப்படித்தான் தெரிந்துகொள்ள முடியும்.

மாமி சொல்வதற்கு வருகிறேன். இதில் மாமி பாதி சரி, நஞ்சு என்ற சொல்லில் மட்டும்தான் தவறு.

1908-இல் ஜப்பானில் கிக்குனே இகெடா என்ற இரசாயனப் பேராசிரியர் கடற்பாசிச் சூப்பின் ருசி எதிலிருந்து வருகிறது என்று தேடிப் பிரித்தெடுத்ததுதான் குளுட்டமேட். தக்காளியிலும் அது இருக்கிறது, தாய்ப்பாலிலும் இருக்கிறது. அதைச் சோடியத்தோடு சேர்த்த உப்பைத்தான் நாங்கள் ஒரு கம்பனியின் பெயரால் அஜினமோட்டோ என்கிறோம். 1968-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றுக்கு ஒரு டொக்டர் எழுதிய கடிதத்திலிருந்துதான் அதன் மேலான பயம் உலகம் முழுக்கப் பரவியது. பிறகு எதைக் குடிக்கிறோம் என்று சொல்லாமல் கொடுத்துச் செய்த பரிசோதனைகள் அதை உறுதிப்படுத்தவில்லை. வெறும் வயிற்றில் மூன்று கிராமுக்கு மேல் குடித்த சிலருக்குத் தலையிடி, முகச்சூடு வந்து போயிருக்கிறது. கறியில் அவ்வளவு போடமாட்டோம்.

உங்கள் சட்டியில் இருக்கும் பிரச்சினை அதன் அருகில் இருக்கிற உப்பு. சூப் கட்டியின் பெட்டியில் முதல் சொல்லை வாசியுங்கள்: உப்பு. அந்தக் கட்டி கிட்டத்தட்டப் பாதி உப்புதான். 10 கிராம் கட்டி ஒன்றை ஒரு கோப்பை வெந்நீரில் கரைத்து ஒரு மிடறு குடித்துப் பாருங்கள், கடல் தண்ணீர் போல வாயைப் பிடிக்கும். நாலைந்து கிராம் உப்பு அதில். ஒரு ஆளுக்கு ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நீங்கள் கட்டியும் போட்டு, பழக்கத்தில் உப்பும் போடுகிறீர்கள் என்றால் பிறஷர்காரருக்கு அது பெரிய சுமை. இன்னொன்று: “குறை சோடியம்” என்று விற்கும் உப்பில் பொட்டாசியம் சேர்ந்திருக்கும். பிறஷருக்கு லோசாட்டன் குடிக்கிறவருக்கு, அதிலும் சிறுநீரகம் கொஞ்சம் பழுதானவருக்கு, இரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத்துக்கு ஆபத்து. டொக்டரிடம் கேட்காமல் வாங்காதீர்கள்.

அப்போ ருசிக்கு என்ன செய்வது? அந்த மனிதர் சோற்றைத் தள்ளுவதும் உண்மைதானே.

உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது. இகெடாவுக்கு ஐந்து வருடம் பிறகு, 1913-இல், அவருடைய மாணவர் கொடாமா ஜப்பானியர் அவித்துப் புகைபோட்டுக் காயவைக்கும் சூரை மீனிலிருந்து இன்னொரு ருசிப் பொருளைப் பிரித்தார், இனோசினேட். அவித்துப் புகைபோட்டுக் காயவைத்த சூரை மீனை எங்களுக்குத் தெரியும், எங்கள் பெயர் மாசி. தக்காளியின் குளுட்டமேட்டும் மாசியின் இனோசினேட்டும் சேர்ந்தால் ஒன்று மற்றதைப் பல மடங்கு தூக்கிவிடும். தக்காளிச் சொதியில் மாசி இடித்துப் போட்ட எங்கள் கிழவிகள் இதை எந்த ஆய்வுகூடத்திலும் படிக்கவில்லை. சூப் கட்டியின் பெட்டியில் 621, 631 என்று இருப்பது இந்த இரண்டும்தான், காசு கொடுத்து உப்போடு வாங்குகிறோம்.

எங்கள் வாவிக் கரையில் மாசியைவிடக் கைக்கெட்டியது கூனி. காய்ந்த கூனியை ஒரு சிறங்கை எடுத்துத் தண்ணீரில் அலசி மண் போக்கி, பிழிந்து, வெறும் சட்டியில் மெல்லிய நெருப்பில் வறுங்கள். முதலில் ஈர வாடை வரும், பிறகு அது மாறி வறுத்த மணம் எழும். கையில் நசித்தால் உதிரும் பதத்தில் இறக்கி, செத்தல் மிளகாய், மிளகு, சீரகம், கறிவேப்பிலை சேர்த்து உரலில் இடித்துப் போத்தலில் அடையுங்கள். மரக்கறிக்கு இறக்கும்போது ஒரு தேக்கரண்டி, பருப்புக்கு அரை. உப்பை எல்லாவற்றுக்கும் கடைசியில், ருசி பார்த்துப் போடுங்கள், ஏனென்றால் கூனியிலும் மாசியிலும் ஏற்கெனவே கொஞ்சம் இருக்கும். கடைசியில் ஒரு பாதித் தேசிக்காய் பிழிந்தால் உப்புக் குறைந்ததே தெரியாது. கொறுக்காய்ப் புளியும் ரம்பையும் இதே வேலையைச் செய்யும். கருவாட்டை இதில் சேர்க்காதீர்கள், அது உப்பில் ஊறியது. இடிக்கிற பொறுப்பை மாமியிடம் கொடுங்கள். அவவுக்குக் கை தெரியும், வீட்டில் சண்டையும் குறையும்.

செலவு. நாட்டில் சீனிக்கு விலை ஏறியது உண்மை, 2023 நவம்பரில் கிலோவுக்கு 25 சதமாக இருந்த விசேட பண்ட வரி 50 ரூபாவாக்கப்பட்டது. இருந்தாலும் உங்கள் கடைச் சிட்டை இரட்டித்ததற்குச் சீனி காரணமில்லை, அதை நீங்கள் வாங்கவே இல்லை. சிட்டையை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பொருளுக்கும் விலையை எடையால் பிரித்து, 100 கிராம் எவ்வளவு என்று பக்கத்தில் எழுதுங்கள். சீனியில்லாத பிஸ்கற்றின் 100 கிராம் விலையை, அவித்த கடலை, கச்சான், பயறு இவற்றின் 100 கிராம் விலையோடு வைத்துப் பாருங்கள். பெட்டியில் “நீரிழிவுக்காரருக்கு” என்று எழுதியதற்கே நீங்கள் தனியாகக் கட்டியிருப்பது தெரியும். பிஸ்கற், பானம், கருப்பட்டி, சூப் கட்டி நான்கையும் இந்த மாதம் நிறுத்துங்கள். குளிசை அவருக்கு மட்டும் என்றால் ஒரு பெட்டி முன்பைவிட நீண்ட நாள் வரும். மிஞ்சும் காசு முட்டைக்கும் சின்ன மீனுக்கும் போகட்டும். பின்னேரப் பசிக்கு அவருக்கு ஒரு சிறங்கை அவித்த கடலை, இல்லாவிட்டால் சீனி போடாத எருமைத் தயிர் அரைக் கோப்பை. தயிருக்குப் பாணி ஊற்றாமல் சாப்பிடுவது மட்டக்களப்பு ஆளுக்குக் கஷ்டம் என்று தெரியும். இரண்டு துண்டு பப்பாசி வெட்டிப் போடுங்கள்.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது கொப்பியோடு, வீட்டில் இருக்கிற பக்கற்றுகளையும் குளிசைப் பெட்டியையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். இரத்தம் கொடுக்கும் நாளில் காலைக் கிளிக்ளசைட்டைச் சாப்பாட்டுக்கு முன் போடாமல், இரத்தம் கொடுத்துச் சாப்பிடும்போது போடலாமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். இந்த மாற்றங்களைத் தொடங்கி மூன்று மாதம் கழித்து எடுக்கும் ஹெச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனி அளவைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) எண்ணை எனக்கு எழுதுங்கள், அதோடு அவர் ராத்திரித் தட்டில் போடுகிற சோற்றின் எடையையும்.